தோட்டத்து ஜீப்பைக் கழற்றுவதற்கு முன்

போடிமெட்டுப் பக்கமோ குமுளிப் பக்கமோ மலை ஏறியவர்களுக்கு இந்த வண்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உயரத் தூக்கிய பானெட், சின்ன உடம்பு, பின்னால் உர மூட்டை, அதற்கு மேல் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஆட்கள். மகிந்திரா சிஜே 3பி. மூலம் அமெரிக்க வில்லிஸ். அங்கே 1953-ல் தொடங்கி 1968-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இங்கே உரிமம் வாங்கிய மகிந்திரா அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் செய்துகொண்டிருந்தது. அதனால்தான் நம் ஊர்த் தோட்டங்களில் ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னாலும் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் இன்னும் இவை நிற்கின்றன. நான்கில் ஒன்றாவது கொஞ்சம் பாடுபட்டால் ஓடும்.

அப்படி ஒரு வண்டி தாத்தா காலத்திலிருந்து வீட்டில் நிற்கிறது, அல்லது யாரிடமோ வாங்கிவிட்டீர்கள், ஆனால் இதற்கு முன் ஸ்பேனர் பிடித்ததில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பெட்ரோல் எஞ்சின் வண்டியை வைத்தே சொல்கிறேன். டீசலாக இருந்தால் எஞ்சின் பகுதியைத் தாண்டிவிட்டு மற்றதைப் படியுங்கள்.

முதலில் ஒன்று. வண்டி வந்த வாரமே முழுதாகப் பிரித்துப் போடாதீர்கள். பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், பூட்ட இரண்டு வருடம் ஆகும். இடையில் பையன் பள்ளிக்கூடம் மாறுவான், ஏலக்காய் விலை விழும், டப்பாவில் போட்ட நட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சாக்கு மூட்டைகளாக விற்பனைக்கு வரும் ஜீப்புகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஆசையாக ஆரம்பித்தவர்களின் வண்டிகள்தான். முதலில் நின்ற இடத்திலேயே உயிர் கொடுங்கள். அப்புறம் பிரேக். அப்புறம் ஸ்டியரிங். பெயிண்ட் கடைசி.

காகிதம்

ஸ்பேனருக்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். அதில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சேசிஸ் எண் மேல் கிரீஸும் மண்ணும் ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் துடைத்தால் தெரியும். கிரைண்டரையோ உப்புத்தாளையோ அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எண் மழுங்கிவிட்டால் அந்த வண்டிக்கு வாழ்நாள் முழுக்கச் சந்தேகம்தான். எஞ்சின் எண் பொருந்தவில்லை என்றால் எப்போதோ எஞ்சின் மாறியிருக்கிறது என்று அர்த்தம். மலை வண்டிகளில் இது சர்வசாதாரணம். அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காசைக் கொட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதற்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பல வருடம் விட்டுப்போயிருந்தால் அபராதத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

‘விண்டேஜ்’ பதிவு வாங்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2021-ல் மத்திய அரசு அதற்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ தொழிலுக்கோ சாலையில் எடுக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பழுது பார்க்கக் கொண்டுபோவது போன்றவற்றுக்கு மட்டும்தான். உரம் ஏற்றுகிற வண்டிக்கு அது ஒத்துவராது. சாதாரணப் பதிவையே உயிரோடு வைத்திருங்கள்.

தூங்கின எஞ்சினை எழுப்புவது

இந்த ஜீப்பின் பெட்ரோல் எஞ்சினுக்கு அமெரிக்காவில் ஹரிக்கேன் என்று பெயர். 4 சிலிண்டர், 2,199 சிசி. இதில் ஒரு விசேஷம் உண்டு. இன்டேக் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். அதற்கு முந்தைய எஞ்சினில் இரண்டு வால்வும் கீழேதான் இருந்தன. ஒன்றை மேலே கொண்டுபோனதால் எஞ்சின் உயர்ந்தது, எஞ்சின் உயர்ந்ததால் பானெட்டும் உயர்ந்தது. நம் வண்டியின் முகம் அப்படி வந்ததுதான்.

பல வருடம் நின்ற எஞ்சினில் பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்தால் காரியம் கெட்டுவிடும். வறண்ட சிலிண்டரில் ரிங் உரசும், ஒட்டிக்கொண்ட வால்வு திறந்தபடியே நிற்கும், தள்ளுகிற ராடு வளையும். பொறுமையாகப் போங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருடையது என்று வரிசையாக அட்டையில் குத்தி வையுங்கள். கரி படிந்தது எது, எண்ணெய் நனைந்தது எது என்பது பிறகு உதவும். ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விடுங்கள். இரண்டு நாள் ஊறட்டும். அந்த இரண்டு நாளில் கீழே போய் ஆயில் சம்பை, அதாவது எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியைக் கழற்றுங்கள்.

சம்பைக் கழற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது சோம்பேறித்தனம். உள்ளே கறுப்புப் பசை கேழ்வரகுக் களி மாதிரி தங்கியிருக்கும். இந்த எஞ்சினில் ஆயிலை உறிஞ்சும் வாய் மிதவை போல அசையும், அதில் ஒரு சல்லடை இருக்கும். புது ஆயிலில் இருக்கும் அழுக்கு நீக்கும் ரசாயனம் பழைய பசையைக் கரைத்துக் கொண்டுவந்து அந்தச் சல்லடையில் அடைத்துவிடும். ஆயில் நிறைய இருந்தும் பேரிங்குக்கு ஒரு சொட்டுப் போகாது. கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, மிதவை தடங்கலின்றி அசைகிறதா என்று விரலால் ஆட்டிப் பாருங்கள். புது கேஸ்கட் போட்டு மூடுங்கள். சுமார் 4 லிட்டர் ஆயில் பிடிக்கும். நம் ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40 போதும். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் இந்த எஞ்சினுக்கு வேண்டாம், கிடைத்த சந்தில் எல்லாம் வழியும்.

மூன்றாம் நாள் ஹேண்டில், அதாவது முன்பக்கம் செருகி எஞ்சினைக் கையால் சுற்றும் வளைந்த கம்பி. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், பிளக்குகள் வெளியே இருக்கட்டும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், பிளக் போட்டு ஸ்டார்ட் செய்கிற அன்று எஞ்சின் திருப்பி உதைக்கும்போது மணிக்கட்டு போய்விடும். கீழே அமுக்காதீர்கள், மேலே இழுங்கள். சுற்றவில்லை என்றால் வலுக்கட்டாயம் வேண்டாம், இன்னும் ஆயில் விட்டு ஒரு வாரம் காத்திருங்கள். முன்னும் பின்னும் நூல் அளவு அசைந்தால்கூட நல்ல செய்திதான்.

சுற்ற ஆரம்பித்ததும் பக்கத்திலுள்ள டேப்பெட் மூடியைத் திறந்து, யாராவது ஹேண்டிலைச் சுற்ற, நீங்கள் எக்ஸாஸ்ட் வால்வுகளைப் பாருங்கள். நான்கும் ஏறி இறங்க வேண்டும். ஏறியது இறங்காமல் நின்றால் தண்டில் ஆயில் விட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுங்கள். மேலே ராக்கர் மூடியைக் கழற்றி இன்டேக் பக்கத்தையும் இப்படியே பாருங்கள்.

அப்புறம் கம்ப்ரெஷன் கேஜ், சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர். நல்ல எஞ்சினில் 120 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) பக்கத்தில் காட்டும். மொத்தமாகக் கொஞ்சம் குறைந்திருந்தால் கவலை இல்லை, ஓட ஓடத் தேறும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஹெட்டைத் தூக்க வேண்டி வந்தால்

கேஸ்கட் போயிருந்தாலோ வால்வு அரைக்க வேண்டியிருந்தாலோ ஹெட் கழற்ற வேண்டும். நான் முதல் முறை கழற்றிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லா போல்ட்டையும் எடுத்துவிட்டேன். எண்ணியும் பார்த்தேன், வெளியே கண்ணுக்குத் தெரிந்த எல்லாம் வந்துவிட்டது. ஹெட் அசையவில்லை. கேஸ்கட் ஒட்டிக்கொண்டது என்று நினைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினேன். பிறகு மரக்கட்டை. பிறகு ஜாக்கி லிவரை இடுக்கில் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்து வழியாகப் போன பழைய மெக்கானிக் ஒருவர் நின்று பார்த்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: “தம்பி, கார்புரேட்டரத் தூக்கிப் பாத்தியா?”

“அதுக்கும் ஹெட்டுக்கும் என்னண்ணே?”

“தூக்கிப் பாரு.”

கார்புரேட்டரைக் கழற்றினேன். அது உட்கார்ந்திருந்த ஓட்டைக்குள்ளே, கரி படிந்து, கிணற்றடியில் கிடக்கும் செம்பு மாதிரி ஒரு போல்ட் தலை. அதைக் கழற்றியதும் ஹெட் கையோடு வந்தது. லிவரை மட்டும் கொடுத்திருந்தால் அன்றைக்கு ஹெட் விரிசல்தான். அந்த ஒரு போல்ட்டுக்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் பூட்டும்போதும் அதை மறந்துவிடாதீர்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 60 முதல் 70 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் பட்டறையில் ஒரு நாள் இரவல் கேளுங்கள், கைக்கணக்கு இங்கே வேண்டாம். அதன் பிறகுதான் வால்வு இடைவெளி. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். இன்டேக் 18 தௌ, எக்ஸாஸ்ட் 16 தௌ. ஒரு தௌ என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முதல் சிலிண்டரில் கம்ப்ரெஷன் உச்சிக்கு (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் மேலே நிற்கும் இடம்) கொண்டுவந்து அதன் இரண்டு வால்வையும் சரிசெய்யுங்கள். ஹேண்டிலை அரைச் சுற்று சுற்றி மூன்றாவது, இன்னொரு அரைச் சுற்றில் நான்காவது, அப்புறம் இரண்டாவது. 1-3-4-2, எரியும் வரிசையும் இதேதான். இடைவெளி அளக்கும் ஃபீலர் தகடு லேசாக உரசிப் போக வேண்டும், பிடித்து இழுக்கக் கூடாது.

நெருப்பும் பெட்ரோலும்

மின்சாரப் பக்கம் பயப்பட ஒன்றுமில்லை. பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளி 20 தௌ, பிளக் இடைவெளி 30 தௌ. பாயிண்ட் முகம் குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பாயிண்ட்டைத் தேய்த்து ஓட்டுவது ஒரு மாதத்துக்குத்தான். ‘எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுடலாம்ணே’ என்று யாராவது சொல்வார்கள். கெட்டது இல்லை. ஆனால் மலை நடுவில் நின்றால் அதைச் சரிசெய்ய முடியாது. பாயிண்ட்டை ஒரு தீப்பெட்டி அட்டையைத் தேய்த்துக்கூடச் சுத்தம் செய்துவிட்டு வீடு வந்துவிடலாம். டைனமோ இருக்கிற வண்டியில் ஐடிலில் சார்ஜ் விளக்கு மினுக்கினால் அது பழுது இல்லை. வேகம் ஏறினால்தான் டைனமோ சார்ஜ் கொடுக்கும்.

பெட்ரோல் பக்கம்தான் இன்றைக்கு அதிகம் கவனிக்க வேண்டியது. பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். 1960-களின் ரப்பருக்கு எத்தனாலைத் தெரியாது. பெட்ரோல் பம்ப்பின் டயாப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) ஊதி மென்மையாகிக் கிழியும், ஹோஸ் உள்ளேயே உரிந்து துகளாகி கார்புரேட்டரின் ஜெட்டை அடைக்கும். எத்தனால் தாங்கும் ரப்பர் என்று கேட்டு வாங்கி ஹோஸ், டயாப்ரம், கேஸ்கட் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். இது ஒரிஜினல் இல்லை என்று மனம் கேட்காவிட்டாலும் மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் டேங்க் அடியில் தண்ணீர் தங்கித் துருவாகும். நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

டேங்க் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. பாடியில் வெல்டிங் வைக்கும் முன் அதைக் கழற்றி வெளியே, தூரத்தில் வையுங்கள். காலி டேங்க் என்று அலட்சியமாக இருக்காதீர்கள், காலி டேங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும்.

எஞ்சின் ஓடியதும் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் பிரஷர் முள். சூடான பிறகு ஐடிலில் 6 பிஎஸ்ஐயாவது காட்ட வேண்டும், ஓட்டத்தில் 20-க்குக் கீழே இறங்கக் கூடாது. புது வண்டிகளின் கணக்கோடு பார்த்துப் பதறாதீர்கள், இந்த எஞ்சினுக்கு அவ்வளவுதான். முள் எழும்பவே இல்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

நிற்க வைக்காமல் ஓட்டாதீர்கள்

எஞ்சின் ஓடின சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போகத் தோன்றும். பிரேக் முடியும் வரை வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.

இந்த ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் குழாய்ச் சுற்றுதான். ஒரு இடத்தில் வெடித்தால் நான்கும் போய்விடும். அதனால் குழாய், ஹோஸ், வீல் சிலிண்டர் கப், மாஸ்டர் சிலிண்டர் கிட் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்று அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். குழாயில் உள்ள காற்றை வெளியேற்றும் பிளீடிங்கை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள்.

சக்கரத்தைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை இருக்கலாம். சாதாரணமாகத் திருப்பினால் இன்னும் இறுகும். ‘ரொம்ப டைட்டா இருக்கு’ என்று குழாயைச் செருகி மிதித்து, நட்டு ஏறும் மரைக் கம்பியான ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம். ஸ்டட் முனையில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து குத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) பின்னால், சுழற்சியைப் பின்பக்கம் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டில் ஒரு சின்ன டிரம். வண்டி ஓடும்போது அதைப் பிடிக்கக் கூடாது, நின்ற பிறகு பிடித்து வைக்கத்தான் அது. ‘ஹேண்ட் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது’ என்றால் பெரும்பாலும் ஷூவில் கோளாறு இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் சீல் கசிந்து ஷூ நனைந்திருக்கும். சீலை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றினால் ஒரே மாதத்தில் பழைய கதை.

முன் சக்கரம் 40 கிலோமீட்டர் வேகத்தில் வெடவெடவென்று ஆடினால் பலரும் முதலில் ஸ்டியரிங் பாக்ஸை மாற்றச் சொல்வார்கள். அது கடைசி. முதலில் சக்கரங்களைத் திருப்பும் டை ராடு முனைகள். பிறகு நடுவில் முன் கிராஸ் மெம்பரில் (சேசிஸின் குறுக்குச் சட்டம்) இருந்து ஸ்டியரிங் அசைவை டை ராடுக்கு மாற்றும் பெல் கிராங்க், ஒருவரை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லி அதன் மேல் விரல் வைத்துப் பாருங்கள், தேய்மானம் விரலுக்கே தெரியும். அதற்கும் பிறகு, முன் சக்கரம் திரும்பும் அச்சில் இருக்கும் கிங்பின் பேரிங். ஸ்பிரிங் ஷேக்கிள் புஷ், டயர் காற்று இவையும் காரணமாகலாம். எல்லாம் சரியாக இருந்தும் ஆடினால்தான் பாக்ஸ்.

கியரும் ஆயிலும்

மூன்று கியர் பெட்டி. முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓட்டத்தில் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) கிடையாது. வண்டி நின்ற பிறகுதான் முதல் கியர், ஓட்டத்தில் போட்டால் பல் கடிக்கும். இறக்கத்தில் இரண்டாம் கியர் தானாகக் கழன்று வருவது இந்தப் பெட்டியின் முதுமை வியாதி. கையால் பிடித்துக்கொண்டே இறங்குபவர்கள் உண்டு. மலையில் அது ஆபத்து, பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கியர் ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜிஎல்-4 என்ற தரக் குறி இருக்கிறதா பாருங்கள். 90 நம்பர். ஜிஎல்-5 புதிது, உசத்தி என்று கடைக்காரர் சொல்வார். ஆக்சில் நடுவில் இருக்கும் கிரவுன் ஹவுசிங்குக்கு அது சரி. கியர் பெட்டிக்குள் இருக்கும் பித்தளை வகை சிங்க்ரோ வளையத்தை அதிலுள்ள கந்தக ரசாயனம் அரிக்கும். கியர் பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே ஆயில் போய்வர வழி உண்டு, ஆகவே ஒன்றில் மட்டம் பார்த்தால் இன்னொன்றிலும் பாருங்கள்.

நான்கு சக்கர இழுவையைத் தார் ரோட்டில் போட்டு ஓட்டாதீர்கள். நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாத அமைப்பு. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு தூரம் சுற்ற வேண்டியிருக்கும், சேற்றில் அது வழுக்கிக் கழியும், தாரில் வழுக்காமல் கியரையும் ஷாஃப்ட் முனையில் உள்ள கிராஸையும் முறுக்கும். அப்புறம் லிவர் எடுக்கவும் வராது.

பாகம் தேடுவது

‘ஒரிஜினல்’ என்ற சொல்லைக் கடையில் சொன்னாலே விலை ஏறும். சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகம் கிடைக்கும். பஞ்சாப், ஹரியானா பக்கம் ஜீப் பாகம் செய்கிறவர்களும், மண்டி டப்வாலி மாதிரி ஜீப் கட்டுவதே தொழிலான ஊர்களும் உண்டு. அங்கிருந்து வரும் பாடித் தகடு பரவாயில்லை. அங்கிருந்து வரும் கியர், ஷாஃப்ட் விஷயத்தில் நான் ஜாக்கிரதையாக இருப்பேன், கடினப்படுத்தும் பதம் எல்லாரிடமும் ஒன்றுபோல் இல்லை.

என் வழி இது. பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் முதலில் சரிசெய்ய முடியுமா என்று பார்ப்பேன். தேய்ந்த ஷாஃப்ட்டுக்கு லேத்தில் ஸ்லீவ் போடலாம், மரை போன ஓட்டைக்குப் புது மரை வெட்டலாம், தண்ணீர் பம்ப்புக்கு பேரிங்கும் சீலும் மட்டும் மாற்றலாம். அந்தக் காலத்து வார்ப்பிரும்பு இன்றைய நகலைவிட நன்றாக உழைக்கிறது என்பது என் அனுபவம். கடைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பெயரைச் சொல்லி வாங்குவதைவிடப் பக்கத்தில் வைத்து அளந்து வாங்குவது நல்லது.

பேரிங்கையும் ஆயில் சீலையும் ஜீப் பாகம் என்று கேட்டே வாங்காதீர்கள். அவை எண்ணுக்கும் அளவுக்கும் கிடைக்கும். கிங்பின் பேரிங் 11590, அதன் கப் 11520. முன் சக்கர பேரிங் 18590, கப் 18520. பேரிங் கடையில் இந்த எண்ணைச் சொன்னால் நல்ல கம்பெனிச் சரக்கு எடுத்துக் கொடுப்பார்கள். ஜீப் ஸ்பேர் கடையில் அதே அளவில் பெயர் தெரியாத பெட்டி வரும்.

ஸ்பேனர் இஞ்ச் அளவில் வேண்டும். 7/16, 1/2, 9/16, 3/4 இவை நான்கும் அடிக்கடி கைக்கு வரும். நடுவில் யாரோ மில்லிமீட்டர் போல்ட் அடித்து ஏற்றியிருப்பார்கள். அப்படி மரை கெட்ட இடங்களில் சரியான இஞ்ச் மரை போல்ட்டுக்கு மெல்ல மாற்றிக்கொண்டே வாருங்கள்.

தகடும் பெயிண்ட்டும்

சின்ன காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி பாடி முழுக்க ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டி, அதாவது பள்ளத்தை மறைக்கப் பூசிய பசை. ஓட்டுநர் காலடி, டூல் பாக்ஸ் அடி, தரைக்குக் கீழே தாங்கும் மடிப்புத் தகடு, இந்த மூன்றும்தான் முதலில் போகும். மடிப்புக்குள் மண் நின்று ஈரம் காயாமல் தின்னும். துருவின் மேலேயே பட்டி பூசித் தருகிற டிங்கரிடம் வண்டியை விடாதீர்கள். அரித்த தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்ட் செய்து, ரெட் ஆக்சைடு அடித்து, பிறகு பெயிண்ட். பழைய பெயிண்ட் பெரும்பாலும் நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். டேஷ்போர்டில் தாத்தா ஆணியால் கீறிய ஆயில் மாற்றிய தேதி என் வண்டியில் இன்னும் இருக்கிறது. அதன் மேலும் அடித்துவிடட்டுமா என்று பெயிண்டர் இரண்டு முறை கேட்டார், விடவில்லை.

ஓட ஆரம்பித்த பிறகு

பழைய வண்டிக்கு வாரம் ஒரு முறையாவது ஓட்டம் வேண்டும். பத்து நிமிடம் நிறுத்தி வைத்து எஞ்சினை மட்டும் உறும விடுவது ஓட்டம் இல்லை. சைலன்சரில் தண்ணீர் சேரும், அவ்வளவுதான். எட்டு, பத்து கிலோமீட்டராவது ஓட்டி, நன்றாகச் சூடேற்றிக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

கிரீஸ் 1,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, சேற்றிலோ ஓடைத் தண்ணீரிலோ இறங்கி வந்தால் அன்றைக்கே. கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளைத் துடைத்துவிட்டு கிரீஸ் கன் வையுங்கள், இல்லாவிட்டால் வெளியே இருக்கும் மணலை நீங்களே உள்ளே ஏற்றுகிறீர்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி, புதிது எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். பிதுங்காத நிப்பிள் அடைத்திருக்கிறது, கழற்றிப் பாருங்கள். எஞ்சின் ஆயில் 3,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. ரேடியேட்டருக்கு வாய்க்கால் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். மழைக்காலம் முடிந்ததும் நான்கு டிரம்மையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

டூல் பாக்ஸில் எப்போதும் கிடக்க வேண்டியவை: ஒரு செட் பாயிண்ட், கண்டன்சர், ஃபேன் பெல்ட், பம்ப் டயாப்ரம், ஒரு முழம் பெட்ரோல் ஹோஸ், இரண்டு கிளிப், ஒரு பிளக், கட்டுக்கம்பி, ஃபீலர் கேஜ், ஹேண்டில். அதோடு சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க மரக்கட்டை ஒன்று. சீல் புதிது, ஷூ புதிது, ஹேண்ட் பிரேக் அருமையாகப் பிடிக்கிறது என்றாலும் சரிவில் நிறுத்தினால் கட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் நான் இறங்குவேன்.